சுவிட்ச்சிங் பழக முதல் டிரான்சிஸ்டர் எது வாங்கலாம்? மகளுக்காகக் கேட்கிறேன்

பொங்கோல்_அப்பா
சனி, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். மகள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். மைக்ரோபிட் (நிரல் எழுதி இயக்கும் சின்னக் கணினிப் பலகை) பழகியதிலிருந்து, பலகையில் இருக்கும் சின்ன விளக்குகள் போதாது, வெளியே ஏதாவது இயக்கிப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். முதலில் ஒரு எல்இடி, அப்புறம் பொம்மைக் கார் மோட்டார், முடிந்தால் ஒரு ரிலே, அதாவது மின்காந்தச் சுருளால் இயங்கும் சுவிட்ச். மைக்ரோபிட்டில் மோட்டாரை நேராக மாட்டக் கூடாது, நடுவில் சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் வேண்டும் என்பது வரை படித்துத் தெரிந்துகொண்டோம்.

அதற்கு மேல்தான் குழப்பம். ஒருவர் பிசி547 என்ற டிரான்சிஸ்டர் போதும் என்கிறார். இன்னொருவர் 2என்2222 இல்லாமல் எதுவும் நடக்காது என்கிறார். டிப்120 பழசு, தொடாதீர்கள் என்று ஒரு குரல். மாஸ்ஃபெட் என்ற வேறு வகை டிரான்சிஸ்டர் ஒன்றே போதும் என்று இன்னொரு குரல். எதைப் பார்த்து முடிவு செய்வது? அடுத்த வாரம் ஜாலான் புசார் பக்கம் போகிறேன், சிம் லிம் டவரில் ஏறி வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். மின்னணுவியல் எனக்கும் புதிதுதான். மகளோடு சேர்ந்து நானும் கற்றுக்கொள்ள ஆசை.


பழைய_ரேடியோ
சனி, இரவு 10:05

தம்பி, மகளோடு உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னீர்களே, அதைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

முதலில் பிசி337 கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளுங்கள். அதிலேயே 337-25 என்று கிடைத்தால் நல்லது. காரணம் சொல்கிறேன்.

சுவிட்ச்சாகப் பயன்படுத்தும்போது முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் இயக்கப்போகும் பொருள் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கும் என்பது. பிசி547 தாங்குவது 100 மில்லிஆம்பியர் வரைதான். 2என்3904 என்றால் 200. 2என்2222 வகையைச் சேர்ந்த பிஎன்2222ஏ 600 வரை போகும். பிசி337 தயாரிப்பாளரைப் பொறுத்து 500 அல்லது 800. இவை எல்லாமே 40 வோல்ட்டுக்குக் குறையாமல் தாங்குபவை. பேட்டரியில் விளையாடும்போது வோல்ட்டேஜைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எல்இடிக்கு இதில் எதுவும் போதும். ரிலேவுக்கு வந்தால் பிசி547 விளிம்பில் நிற்கும். பிசி337 இரண்டுக்கும் தாராளம்.

டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) எச்எஃப்இ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், மின்னோட்டப் பெருக்கம். புதிதாக வருகிறவர்கள் அதை வைத்துத்தான் எடை போடுகிறார்கள், பெரிய எண் உள்ளது நல்ல டிரான்சிஸ்டர் என்று. சுவிட்ச் வேலைக்கு அந்த எண்ணை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள். ஒரே பையில் இருக்கும் பிசி337-25 ஒன்றுக்கு 160 இருக்கும், பக்கத்திலிருப்பதற்கு 400 இருக்கும். இரண்டும் நல்ல சரக்குதான். டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்: மின்னோட்டம் கலெக்டரில் நுழைந்து எமிட்டரில் வெளியேறும், அதைத் திறப்பது பேஸ். கலெக்டரில் எவ்வளவு மின்னோட்டம் வேண்டுமோ அதில் பத்தில் ஒரு பங்கைப் பேஸில் கொடுங்கள். அப்போது டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்துவிடும், பெருக்கம் 160 ஆனாலும் 400 ஆனாலும் வேலை ஒன்றுபோலவே நடக்கும். டேட்டாஷீட்டில் செறிவு நிலை (முழுதாகத் திறந்த நிலை) வோல்ட்டேஜ் கொடுத்திருக்கும் வரியைப் பாருங்கள், பெரும்பாலும் இந்தப் பத்துக்கு ஒன்று விகிதத்தில்தான் அளந்து போட்டிருப்பார்கள்.

மைக்ரோபிட்டை எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். 9 வோல்ட் பேட்டரி, ஒரு சிவப்பு எல்இடி, அதோடு தொடராக 470 ஓம், அடுத்தது கலெக்டர். எமிட்டர் நேராக பேட்டரியின் மைனஸுக்கு. பேஸுக்கு பிளஸிலிருந்து முதலில் 470 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுங்கள். எல்இடி மங்கலாக எரியும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் 3 முதல் 6 வோல்ட்டுக்குள் ஏதோ ஒரு எண் வரும். அதே இடத்தில் வேறொரு பிசி337 செருகுங்கள், வெளிச்சமும் மாறும், எண்ணும் மாறும். இப்போது 470 கிலோஓமை எடுத்துவிட்டு 4.7 கிலோஓம் போடுங்கள். மீட்டரில் 0.2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். எந்த பிசி337 செருகினாலும் ஒரே வெளிச்சம். இதை அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்துவிட்டால் டிரான்சிஸ்டர் தேர்வில் பாதி முடிந்தது.


ஜூரோங்_டெக்
ஞாயிறு, காலை 8:31

அண்ணே சொன்ன சோதனை அருமை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதை முதலில் வாங்குவது என்பதில் எனக்கு வேறு எண்ணம்.

பிள்ளையின் ஆசை மோட்டார். மோட்டார் நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் இழுக்கும். 500 என்று வைத்துக்கொண்டால் பத்தில் ஒரு பங்கு 50. மைக்ரோபிட்டின் ஒரு முனையிலிருந்து சில மில்லிஆம்பியருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது. மாஸ்ஃபெட்டில் இந்தத் தலைவலி கிடையாது, பேஸின் இடத்தில் இருக்கும் கேட் என்ற காலுக்கு வோல்ட்டேஜ் கொடுத்தால் போதும், நிலையாக மின்னோட்டம் கேட்காது. ஐஆர்எல்இசட்44என் வாங்குங்கள், 55 வோல்ட், 47 ஆம்பியர் என்று போட்டிருக்கும். நீங்கள் செய்யும் சோதனைகளில் அது எளிதில் எரியாது. எங்கள் வேலையிடத்தில் வால்வு, சின்ன மோட்டார் எதுவானாலும் இப்போது மாஸ்ஃபெட்தான் ஓட்டுகிறது. இன்றைக்குக் கற்கும் பிள்ளை இன்றைக்கு உள்ளதைக் கற்கட்டும்.


பாலிடெக்_மாணவி
ஞாயிறு, காலை 11:20

ஜூரோங் அண்ணா, உங்கள் கருத்து எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த மாஸ்ஃபெட் இந்த இடத்துக்குச் சரியாக வராது என்று நினைக்கிறேன்.

ஐஆர்எல்இசட்44என் டேட்டாஷீட்டில் ஆன் நிலை மின்தடை எந்தெந்தக் கேட் வோல்ட்டேஜில் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்: 10, 5, 4. அதற்குக் கீழே எதுவும் கொடுக்கவில்லை. மைக்ரோபிட் கொடுப்பது 3 வோல்ட் சொச்சம். இரண்டு ட்ரிபிள்ஏ பேட்டரியில் ஓடினால், பேட்டரி தேயத் தேய 3க்கும் கீழே போகும். சின்ன மோட்டாரை அது ஓட்டிவிடலாம், பலர் ஓட்டியும் இருக்கிறார்கள். ஆனால் ஓடும் என்ற உறுதியைத் தயாரிப்பாளர் கொடுக்கவில்லை. புதிதாகப் பழகும் ஒருவருக்கு இன்று ஓடி நாளை ஓடாமல் போனால் எங்கே தேடுவது என்றே தெரியாது.

இன்னொன்று: "த்ரெஷோல்டு 1 முதல் 2 வோல்ட்" என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு 2 வோல்ட்டில் முழுதாகத் திறந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. அந்த எண்ணை அளப்பது 250 மைக்ரோஆம்பியரில். அதாவது கதவு விரிசல் விட ஆரம்பிக்கும் இடம் அது. ஐஆர்எஃப்520, ஐஆர்எஃப்540என், ஐஆர்எஃப்இசட்44என் எல்லாம் 10 வோல்ட் கேட்டுக்குச் செய்தவை. ஐஆர்எஃப்520 வைத்த சின்ன மாட்யூலை மைக்ரோபிட் போன்ற இன்னொரு பலகையான ஆர்டுயினோவுக்கு என்றே விற்கிறார்கள். மைக்ரோபிட்டோடு தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

3 வோல்ட்டுக்குப் பொருத்தமானது ஏஓ3400. அதன் டேட்டாஷீட்டில் 2.5 வோல்ட்டிலேயே மின்தடை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அரிசி அளவுதான் இருக்கும், பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகும் துளைப்பலகை) செருக முடியாது. சின்ன அடாப்டர் பலகையில் சாலிடர் செய்ய வேண்டும். சாலிடரிங் தெரிந்த யாராவது உதவினால் நல்ல தேர்வு.


பழைய_ரேடியோ
ஞாயிறு, மதியம் 1:48

பொண்ணு சொல்வது சரி. அந்த 4 வோல்ட் விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை.

ஜூரோங் தம்பிக்கு: முழு வேலைக்கு மாஸ்ஃபெட் என்பதை நான் மறுக்கவில்லை. கற்பதற்கு பிசி337ஐ முன்னால் வைக்கச் சொல்வதற்குக் காரணம், அது கணக்குப் போடச் சொல்லும். லோடு, அதாவது இயக்கும் பொருள், எவ்வளவு இழுக்கும், பேஸுக்கு எவ்வளவு, எந்த ரெசிஸ்டர் என்று மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் அதை இயக்க முடியாது. அந்தப் பழக்கம் பின்னால் எந்தப் பாகத்தை எடுத்தாலும் கூட வரும்.

மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடும்போது இழுக்கும் மின்னோட்டத்தை மட்டும் பார்த்து டிரான்சிஸ்டர் எடுக்காதீர்கள். மோட்டாரின் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பாருங்கள். தண்டை மெல்லத் திருப்பித் திருப்பி, வரும் எண்களில் குறைவானதை எடுத்துக்கொள்ளுங்கள். 3 ஓம் என்று வந்தால், 4.5 வோல்ட் பேட்டரியில் சக்கரம் தடுக்கி நிற்கும் நேரத்தில் 1.5 ஆம்பியர் வரை இழுக்கப் பார்க்கும். கிளம்பும் கணத்திலும் அப்படித்தான். பிசி337 அதைத் தாங்காது.

சாலிடர் செய்யாமல், மைக்ரோபிட்டோடு, மோட்டார் ஓட வேண்டும் என்றால் டிப்120 இருக்கிறது. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர் ஒன்றின் பின் ஒன்றாக. பேஸுக்கு 1 கிலோஓம் போட்டால் மைக்ரோபிட்டிலிருந்து 2 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவே எடுக்கும், அது போதும். 5 ஆம்பியர் தாங்கும். விலையாக, ஆன் நிலையிலும் 1 வோல்ட் போலத் தின்றுவிடும். 4.5 வோல்ட் பேட்டரி வைத்தால் மோட்டாருக்கு மூன்றரை வோல்ட் வரும். அதைத் தெரிந்துகொண்டு இன்னொரு பேட்டரி சேர்த்துவிட்டால் முடிந்தது. பழசு என்று ஒதுக்குகிறவர்கள் சொல்லும் குறை உண்மைதான், ஆனால் இந்த ஒரு இடத்தில் அது பொருந்துகிறது.


ஜூரோங்_டெக்
ஞாயிறு, மாலை 4:10

4 வோல்ட் விஷயத்தில் தங்கை சொன்னதை ஏற்கிறேன். ஐஆர்எல்இசட்44என் 5 வோல்ட் கொடுக்கும் ஆர்டுயினோ ஊனோவுக்கு என்று வைத்துக்கொள்வோம், அங்கே அது மிக நன்றாக ஓடும். எந்த மாஸ்ஃபெட் வாங்கினாலும் கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு (மைனஸ் பக்கம்) ஒரு 10 கிலோஓம் போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால், கம்பியைக் கழற்றிய பின்னும் கேட்டில் மின்னூட்டம் தங்கி மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். விரலால் தொட்டாலே ஆன் ஆகும், ஆஃப் ஆகும். பிள்ளைக்கு அதையும் ஒருமுறை காட்டுங்கள், கேட் என்றால் என்ன என்று புரிந்துவிடும்.


ஈசூன்22
திங்கள், இரவு 8:55

இழைக்கு நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். இதே வேலைதான் நானும் செய்துகொண்டிருக்கிறேன். ஆர்டுயினோ ஊனோ, 4.5 வோல்ட் பேட்டரி, பொம்மை மோட்டார். இணையத்தில் வாங்கிய கலவைப் பெட்டியில் 2222 என்று எழுதியிருந்த டிரான்சிஸ்டர். பேஸுக்கு 470 ஓம். படத்தில் உள்ளபடியே தட்டையான பக்கத்தைப் பார்த்து இணைத்தேன். மோட்டார் லேசாக முனகுகிறது, சுற்றவில்லை. டிரான்சிஸ்டர் இளஞ்சூடாக இருக்கிறது. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே 4 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. டிரான்சிஸ்டர் போலியா?


பாலிடெக்_மாணவி
திங்கள், இரவு 9:30

போலியாக இருக்க வேண்டியதில்லை. மேலே எழுதியிருப்பதை நல்ல வெளிச்சத்தில் முழுதாகப் படியுங்கள். பிஎன்2222ஏ என்றால் தட்டையான பக்கத்தைப் பார்க்கும்போது இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பி2என்2222ஏ என்றால் அப்படியே தலைகீழ்: கலெக்டர், பேஸ், எமிட்டர். பெயரில் எழுத்தும் எண்ணும் இடம் மாறியதற்குக் கால்களே இடம் மாறிவிடும். பிசி547, பிசி337 இரண்டும் கலெக்டர், பேஸ், எமிட்டர் வரிசை. 2என்3904 எதிர் வரிசை. இந்தக் குடும்பத்தில் எத்தனையோ பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கால் மாறியிருந்தாலும் டிரான்சிஸ்டர் முழுதாகச் செத்துப்போவதில்லை. மிகக் குறைந்த பெருக்கத்தோடு பின்பக்கமாக வேலை செய்யும். உங்கள் மோட்டார் முனகுவது அதனால்தான் என்று தோன்றுகிறது.

எழுத்து தேய்ந்திருந்தால் மல்டிமீட்டரின் டயோடு நிலையில் பாருங்கள். சிவப்பு முனையை நடுக்காலில் வைத்து, கறுப்பை இரண்டு பக்கக் கால்களிலும் மாற்றி மாற்றி வையுங்கள். இரண்டிலும் 0.6, 0.7 போல வந்தால் அது நாம் பேசும் என்பிஎன் வகை, நடுவில் இருப்பது பேஸ். இரண்டு எண்ணில் சற்று அதிகமாக வருவது எமிட்டர் பக்கம். வித்தியாசம் மூன்றாவது தசமத்தில் இருக்கலாம், பொறுமையாகப் பாருங்கள்.


ஈசூன்22
செவ்வாய், இரவு 7:40

பி2என்2222ஏ என்றுதான் எழுதியிருக்கிறது. டயோடு நிலையிலும் அப்படியே வந்தது. பேஸ் நடுவில் இருப்பதால் டிரான்சிஸ்டரைத் திருப்பிச் செருகினேன், அவ்வளவுதான். மோட்டார் பறக்கிறது. கலெக்டர் எமிட்டர் இடையே இப்போது 0.2 சொச்சம். மிக்க நன்றி!


பழைய_ரேடியோ
செவ்வாய், இரவு 9:02

நல்லது. அந்த 4 வோல்ட்டையும் 0.2 வோல்ட்டையும் எழுதியதற்கு நன்றி தம்பி. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் நாங்கள் இங்கே குருட்டாம்போக்கில் தேடிக்கொண்டிருப்போம்.

சூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏசி போட்ட அறையின் கதவை அரைகுறையாகத் திறந்து வைத்தால் உள்ளேயும் குளிராது, மின்கட்டணமும் ஏறும். பாதி திறந்த டிரான்சிஸ்டரும் அப்படித்தான். 300 மில்லிஆம்பியர் ஓடும்போது அதன் குறுக்கே 0.3 வோல்ட் நின்றால் 90 மில்லிவாட், தொட்டால் தெரியவே தெரியாது. அதுவே 2 வோல்ட் நின்றால் 600 மில்லிவாட். சின்னக் கறுப்பு டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் 625 மில்லிவாட்தான் தாங்கும், அதுவும் 25 டிகிரி வெப்பநிலையில். நம் ஊர் அறையில் மதியம் 31 டிகிரி. டிகிரிக்கு 5 மில்லிவாட் வீதம் கழித்தால் 595 ஆகிவிடும். சிங்கப்பூரில் ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்து செய்யும்போது டேட்டாஷீட் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொங்கோல் தம்பி, ரிலே கேட்டிருந்தீர்கள். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் நீல நிறச் சின்ன 5 வோல்ட் ரிலேவின் சுருள் 70 ஓம். 71 மில்லிஆம்பியர் இழுக்கும். பேஸுக்கு 7 மில்லிஆம்பியர். ஊனோவிலிருந்து என்றால் 5 வோல்ட்டில் பேஸ் எடுக்கும் 0.7ஐக் கழித்து 4.3. அதை 7ஆல் வகுத்தால் 614 ஓம். கடையில் கிடைப்பது 560, அதைப் போடுங்கள். மைக்ரோபிட்டிலிருந்து அந்த 7ஐக் கேட்காதீர்கள், ரிலேவுக்கும் டிப்120ஐ வைத்து, சுருளுக்கு 6 வோல்ட் பேட்டரி கொடுத்துவிடுங்கள். டிப்120 தின்றது போக ஏறக்குறைய 5 வந்து சேரும்.

ரிலேவுக்கும் மோட்டாருக்கும் குறுக்கே டயோடு (ஒரே திசையில் மட்டும் மின்னோட்டம் விடும் பாகம்) கட்டாயம். வெள்ளைக் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். சுருளை அணைக்கும் கணத்தில் அது எதிர்த்து உதைக்கும், அந்த உதை பத்துக்கணக்கான வோல்ட்டாக ஏறி டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். ரிலேவுக்கு 1என்4007 போதும். மோட்டாரின் வேகத்தை மைக்ரோபிட்டால் கூட்டிக் குறைக்கப் போகிறீர்கள் என்றால் 1என்5819 வாங்குங்கள், 1என்4007 அவ்வளவு வேகமாக மாறி மாறி வரும் ஆன், ஆஃபுக்கு மந்தம்.

ரிலே கையில் வந்ததும் மேசை விளக்கை அதில் மாட்டிப் பார்க்கலாம் என்று பிள்ளைக்குத் தோன்றும். வேண்டாம். அது 230 வோல்ட். பிரெட்போர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. வீட்டின் மின்கம்பி வேலைக்கே எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவர்தான் வர வேண்டும் என்று இங்கே விதி இருக்கிறது. ரிலே டக் என்று அடிப்பதைக் கேட்டு, அதன் மறுபக்கத்தில் இன்னொரு பேட்டரியும் எல்இடியும் வைத்துப் பார்க்கட்டும். கற்க வேண்டியது முழுக்க அதிலேயே இருக்கிறது.


ஜூரோங்_டெக்
செவ்வாய், இரவு 9:40

கடைக்குப் போகும்போது: சிம் லிம் டவர், ஜாலான் புசார் ரோட்டில் இருப்பது. பெயரைப் பார்த்து சிம் லிம் ஸ்குவேருக்குள் நுழைந்துவிடாதீர்கள், அங்கே கணினி, கைப்பேசிக் கடைகள்தான் அதிகம். ரோச்சோர் எம்ஆர்டியிலிருந்து இரண்டுக்குமே நடந்துவிடலாம். "ஒரு டிரான்சிஸ்டர் கொடுங்கள்" என்று கேட்காமல் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். ரெசிஸ்டர் எண்களையும் சேர்த்து எழுதுங்கள்: 470 ஓம்; கிலோஓமில் 1, 4.7, 10, 470. டிரான்சிஸ்டரை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து ரெசிஸ்டர் இல்லாமல் உட்காருவது மாதிரி எரிச்சல் வேறு இல்லை.


பொங்கோல்_அப்பா
ஞாயிறு, மாலை 6:15

பிசி337-25, டிப்120, இரண்டு வகை டயோடு, ஜூரோங் அண்ணன் சொன்ன ரெசிஸ்டர்கள் எல்லாம் கிடைத்தன. நேற்று இரவு பழைய_ரேடியோ ஐயா சொன்ன சோதனையைச் செய்தோம். 470 கிலோஓமில் ஒரு பிசி337க்கு 4.9 வோல்ட், அடுத்ததற்கு 4.1. வெளிச்ச வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. 4.7 கிலோஓமில் எல்லாமே ஒன்றுபோல, 0.1க்கும் கீழே. மகள் பையில் இருந்த எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் செருகி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

மோட்டாரும் டிப்120இல் ஓடுகிறது. ஆனால் இப்போது ஒரு சிக்கல். மைக்ரோபிட்டையும் மோட்டாரையும் ஒரே பேட்டரியில் மாட்டினால், மோட்டார் கிளம்பும்போது மைக்ரோபிட் அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. தனிப் பேட்டரி போட்டால் மோட்டார் ஓடவே மறுக்கிறது.


பாலிடெக்_மாணவி
ஞாயிறு, மாலை 7:03

அங்கிள், தனிப் பேட்டரிதான் சரி. மோட்டார் கிளம்பும் கணத்தில் பேட்டரி வோல்ட்டேஜ் இறங்கிவிடுவதால் மைக்ரோபிட் மயங்குகிறது. தனிப் பேட்டரி போட்டபோது ஓடாததற்குக் காரணம், இரண்டு பேட்டரியின் மைனஸும் சேர்ந்திருக்காது. மைக்ரோபிட்டின் கிரவுண்டிலிருந்து டிப்120இன் எமிட்டருக்கு ஒரு கம்பி போடுங்கள். பேஸ் வழியாகப் போகும் மின்னோட்டம் திரும்பி வர வழி வேண்டுமே. பிளஸ் இரண்டையும் சேர்க்க வேண்டாம்.

அப்படியும் மைக்ரோபிட் தடுமாறினால், மோட்டாரின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே 100 நானோஃபேரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று, மோட்டாரை ஒட்டியே. மோட்டாருக்குள் இருக்கும் பிரஷ் கிளப்பும் மின் இரைச்சலை அது குறைக்கும்.


பொங்கோல்_அப்பா
ஞாயிறு, இரவு 8:20

ஒரே ஒரு கம்பிதான் குறைவாக இருந்தது. இப்போது நிற்காமல் ஓடுகிறது, மைக்ரோபிட்டும் அணையவில்லை. கெப்பாசிட்டரை அடுத்த முறை சிம் லிம் டவர் போகும்போது வாங்கிக்கொள்கிறேன். ஏஓ3400க்கு அடாப்டர் பலகையும் பார்க்கச் சொல்லி மகள் பட்டியலில் எழுதிவிட்டாள். சாலிடரிங் பற்றித் தனி இழை தொடங்குகிறேன், அங்கேயும் வாருங்கள்.